கடலில் ‘மேக்க’ என்று சொல்லாதீர்கள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கு,

நீங்கள் எல்லோரும் ஜீப்பு ஓட்டத் தெரிந்தவர்கள். குரங்கணிப் பாதையில் பனி இறங்கிவிட்டால் தலையை வெளியே நீட்டி, சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவில் எவ்வளவு மண் இருக்கிறது என்று பார்த்தபடி ஓட்டிய ஆட்கள். உங்களுக்கு ஓட்டச் சொல்லித் தருகிற தகுதி எனக்கு இல்லை. நான் சொல்ல வந்தது வேறு.

கோடையில் தீ பயத்தால் காட்டுப் பாதைகளை மூடிவிடுகிறார்கள். அந்த மாதங்களில் நம் கம்பெனி மலையில் இருக்கும் பையன்களைக் கொச்சிக்கு அனுப்புகிறது. அங்கே ஜீப்பு கிடையாது. சின்னப் பாய்மரப் படகு இருக்கிறது. சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு துறைமுக வாய்க்கு வெளியே ஒரு சுற்றுப் போய்வர வேண்டும். அப்படி முதன்முதலாகப் போன இரண்டு பேர் நானும் முத்துவும். முத்து எனக்குப் பங்காளியும் இல்லை, மாமன் மகனும் இல்லை. ஒரே ஜீப்பில் அவன் ஓட்டுவான், நான் பக்கத்தில் உட்கார்ந்து வரைபடம் பார்ப்பேன். அவ்வளவுதான் உறவு. ஆனாலும் ஒருவரை ஒருவர் மாப்ளே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம்.

எங்கள் ஊர் போடியில் சிரித்தார்கள். “மலையில கெடந்தவனுக்குக் கடல்ல என்னடா சோலி? மொதல்ல கம்மாயில முங்கிக் காட்டு” என்றார் என் மாமா.

உங்களில் ஒருவர் போன வாரம் போனில் கேட்டார், “அண்ணே, அந்த டேப்பை எங்க கையில எப்பண்ணே குடுப்பீங்க?” என்று. அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

டேப் என்று நாம் சொல்லும் அந்த டேப்லெட் என் கைக்கு வந்தது திறமையால் இல்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா ஜீப்பில் லோடு ஏற்றி இறக்குகிறவர். எங்க ஆத்தா போடி மெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத் தோட்டத்தில் காய் எடுக்கப் போகும். விடியுமுன் ஜீப்பு ஏறிவிடும். பள்ளியில் வாத்தியார் கையெழுத்து வாங்கிவரச் சொன்னால், “ஆத்தா மேக்க போயிருக்கு சார்” என்பேன். அவரும் போடிக்காரர், புரிந்துகொள்வார். இப்படி வளர்ந்த நான் பாலிடெக்னிக் முடித்ததும், யாருக்கு எது ஆங்கிலத்தில் வந்தாலும் என்னிடம் நீட்டுவார்கள். கம்பெனியிலும் அப்படியே. “நீ படிச்சவன், நீ வச்சுக்க” என்று டேப்பைக் கொடுத்தார்கள். படகில் அது கடல் வரைபடம் காட்டும். நாம் எங்கே இருக்கிறோம், தண்ணீர் எங்கே ஆழம், கப்பல் போகிற வழி எது, எல்லாம் அதில் இருக்கும்.

எங்களுக்குப் படகு சொல்லிக்கொடுத்த மலையாளத்து அக்காவை நாங்கள் சேச்சி என்றே கூப்பிட்டோம். தன் பெயரை எங்கேயும் எழுதுவது அவருக்குப் பிடிக்காது, இங்கேயும் எழுதவில்லை. சின்ன வயதிலிருந்தே பாய்மரப் போட்டிகளில் ஓடியவர். எங்களிடம் பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுவார். திட்டும்போது மட்டும் முழுத் தமிழ்.

முதல் நாள் டேப்பை என் கையில் வைத்து, “முன்னால எந்தா உண்டு மோனே?” என்றார்.

பார்த்தேன். “ஒண்ணுமில்ல சேச்சி. நீலமாத்தான் இருக்கு.”

அவர் இரண்டு விரலை வைத்துத் திரையை விரித்தார். நீலத்துக்கு நடுவில் சின்னதாக ஒரு குறி முளைத்தது. மூழ்கிக் கிடக்கும் பழைய விசைப்படகு. இன்னொரு முறை விரித்தார். அதன் பக்கத்தில் ஒரு மணல் திட்டு.

“தூரத்திலிருந்து பார்த்தா எல்லாம் நீலந்தான்” என்றார்.

அதை மறக்காதீர்கள். திரையை விரிக்காமல் வழி சரியாக இருக்கிறது என்று யாரிடமும் சொல்லக் கூடாது. அதேபோல உச்சி வெயிலில் டேப் சூடேறிக் கறுத்துப் போகும், மழைத் துளி விழுந்தால் விரல் பட்டதாக நினைத்துக்கொண்டு படத்தை வேறெங்கோ நகர்த்திவிடும். இவையெல்லாம் இரண்டே நாளில் உங்களுக்கே தெரிந்துவிடும். டேப்புக்கும் உங்களுக்கும் நடுவில் வருகிற கோளாறு சின்னது. உங்களுக்கும் உங்கள் பக்கத்தில் நிற்கிறவனுக்கும் நடுவில் வருவதுதான் பெரிது.

நடந்தது இதுதான். கோடை மழைக் காலம். அன்றைக்குச் சுற்றுலாக்காரர்கள் யாருமில்லை. பழகுவதற்காக நாங்கள் மூன்று பேர் மட்டும் போயிருந்தோம். நல்ல வெயில். சாயங்காலம் ஆகஆகக் கரைக்குப் பின்னால் வானம் இருண்டது. கொச்சியில் கோடை மழை கடலிலிருந்து வருவதில்லை, மலையிலிருந்து இறங்கி வரும். முத்து அதைப் பார்த்துவிட்டு, “சேச்சி, எங்க ஊரு மழை எங்களத் தேடி வருது” என்றான்.

“வரட்டே. நமக்குத் திரிச்சுப் போகாம்” என்றார் சேச்சி. திரும்பிவிடலாம் என்று அர்த்தம்.

பாயை இறக்கச் சொல்லி வாயெடுக்குமுன் காற்று வந்துவிட்டது. வீச்சு திடீரெனத் திசை மாறியது. பாயின் அடியில் குறுக்கே இருக்கும் கட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஒரே வீச்சில் சுழன்றது. சேச்சி எங்கள் இருவர் தலையையும் கையால் அழுத்திக் குனியவைத்தார். தான் குனியவில்லை. கட்டை அவர் காதுக்கு மேலே அடித்தது.

விழுந்தவர் உடனே எழுந்து உட்கார்ந்தார். “ஒண்ணுமில்லா, பேடிக்கண்டா” என்றார், பயப்படாதே என்று. பிறகு வாந்தி எடுத்தார். நாங்கள் பாயை இறக்கிக் கட்டி மோட்டாரைப் போடுவதற்குள், “தல கறங்குது மோனே. உறக்கம் வருது” என்றார். உறக்கம் என்றதும்தான் ஓடிப்போய் அவர் கன்னத்தைத் தட்டினேன். தலையில் அடிபட்டவரைத் தூங்கிப்போக விடாதே என்பது மட்டும் ஜீப்பு வேலைக்கான முதலுதவி வகுப்பில் கேட்டு நினைவிருந்தது.

கரைக்கு ரேடியோவில் சொன்னோம். படகுத் துறையில் ஆம்புலன்ஸ் நிற்கும் என்றார்கள். எங்களைத் தேடி வேறு படகு அனுப்ப மழை கொஞ்சம் விட வேண்டும், நீங்களாக வர முடியுமா என்றும் கேட்டார்கள். நான் முத்துவைப் பார்த்தேன். அவன், “வர்றோம்னு சொல்றா” என்றான்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். முத்து வெளியே சுக்கானைப் பிடித்து நின்றான். நான் படகின் சின்ன அறைக்குள், சேச்சியின் தலையை மடியில் வைத்து, டேப்பை நனையாமல் முழங்காலில் சாய்த்து உட்கார்ந்தேன். படகு ஆடும்போது அந்தத் தலை இடித்துக்கொள்ளாமல் ஒரு கையால் பிடித்தே ஆக வேண்டும். அதனால் நான் வெளியே வர முடியாது, அவனுக்குத் திரை தெரியாது. எங்களுக்கு நடுவில் திறந்த கதவும், மழைச் சத்தமும், வாயில் வரும் சொல்லும்தான்.

மழையில் கரை மறைந்துவிட்டது. படகின் மூக்குக்கூடச் சரியாகத் தெரியவில்லை என்றான் முத்து. நான் சேச்சியைப் பேசவைத்துக்கொண்டே வந்தேன்.

“சேச்சி, தூங்காதீங்க. எங்க ஊரப் பத்தி எதாச்சும் கேளுங்க.”

“அவிட இப்போ மழையா?”

“பேஞ்சு முடிஞ்சிருக்கும். அந்த மழைதான் இங்க பெய்யுது.”

“எங்கில் அந்த மழை வாடகை தரணும்” என்றார். கண் மூடியே இருந்தது. சிரித்தாரா வலித்ததா என்று தெரியவில்லை.

இதைப் பேசிக்கொண்டிருந்ததில் திரையைக் கொஞ்ச நேரம் பார்க்காமல் விட்டுவிட்டேன். பார்த்தபோது படகு துறைமுக வாய்க்கு நேராக இல்லை. நீரோட்டம் எங்களை வடக்கே தள்ளியிருந்தது. திரையை விரித்தேன். நேர் எதிரே மணல் திட்டு. கடலின் அலை வந்து உடைகிற இடம். அதில் மாட்டினால் படகு கவிழும். சரியாக நிற்கக்கூட முடியாத சேச்சியை வைத்துக்கொண்டு அந்த அலையில் என்ன செய்ய முடியும்? வந்த வழியே திரும்பி, கடல் பக்கம் வெளியேறி, சுற்றிக்கொண்டு வாய்க்குள் நுழைய வேண்டும். கடல் இருப்பது மேற்கே.

“மாப்ளே, மேக்க திருப்பு! வெரசா!” என்று கத்தினேன்.

“சரி!” என்றான்.

படகு திரும்பவில்லை. மோட்டார் சத்தம் மட்டும் கூடியது.

“மேக்கடா! மேக்க!”

“மேக்கதாண்டா போய்க்கிட்டிருக்கேன்!”

“இல்லடா! மேக்க திருப்புடா!”

“கண்ணு அவிஞ்சு போச்சா ஒனக்கு? மூக்கு நேரா மேக்கதான் நிக்கிது!”

அடியில் ஏதோ தட்டியது. கல் இல்லை, மணல். படகு ஒரு நொடி நின்று மறுபடி நகர்ந்தது. சேச்சி கண்ணைத் திறந்தார். எனக்கு முதலில் தோன்றியது இவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்பதுதான். அடுத்ததாகத் தோன்றியது டேப் பொய் சொல்கிறதோ என்பது. இரண்டு எண்ணமும் தப்பு. இரண்டிலும் எதைப் பிடித்துத் தொங்கியிருந்தாலும் நாங்கள் அங்கேயே கவிழ்ந்திருப்போம்.

“மலப் பக்கந்தாண்டா போறேன்! இதுக்கு மேல என்னடா மேக்க?” என்று அலறினான் முத்து.

மலைப் பக்கம்.

தம்பிகளே, நம் ஊரில் மேக்க என்றால் என்ன? சூரியன் விழும் திசை என்று பள்ளிக்கூடத்தில் எழுதி மார்க்கு வாங்கியிருப்போம். ஆனால் நம் உடம்புக்குத் தெரிந்த மேக்க அதில்லை. மலை இருக்கும் பக்கம், ஏறுகிற பக்கம், ஆத்தா வேலைக்குப் போகிற பக்கம், மேகம் திரள்கிற பக்கம். போடியில் நிற்கிறவரைக்கும் இந்த இரண்டு மேக்கவும் ஒன்றுதான். மலையைத் தாண்டிக் கடலுக்குப் போய்விட்டால் மலை கிழக்கே போய்விடுகிறது. முத்து கொச்சிக்கு வந்த நாளிலிருந்து சும்மா இருக்கும்போது சரியாகத்தான் திசை சொல்வான். படகில் அவன் முன்னால் திசைகாட்டியும் இருந்தது. ஆனால் உயிர் பயம் வந்த நேரத்தில் அவன் கொச்சியில் இல்லை, போடியில் நின்றான். மேக்க என்று கேட்டதும் மலையைப் பார்த்து ஓட்டினான். மழைக்குப் பின்னால் மலை எங்கே இருக்கிறது என்று அவனுக்குக் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். அந்த மழை அங்கிருந்துதானே வருகிறது.

இதை இப்போது எழுத இவ்வளவு நேரம் ஆகிறது. அப்போது எல்லாம் சேர்ந்து ஒரே மூச்சில் புரிந்தது. என் நாக்கு நுனிவரை வந்தது, “டேய், கடல்டா, கடலுதாண்டா மேக்க” என்று. அதைச் சொன்னால் அவன் இல்லை என்பான், நான் ஆமா என்பேன், அதற்குள் படகு கவிழ்ந்துவிடும்.

“கெழக்க திருப்பு மாப்ளே!” என்று கத்தினேன்.

டேப்பின்படி அது முழுத் தப்பு. கிழக்கே மணல் திட்டுதான் இருந்தது. ஆனால் சொல்லி முடிப்பதற்குள் முத்து சுக்கானை உடம்பால் தள்ளினான். படகு அப்படியே சுழன்று திரும்பியது. அலை ஒன்று பக்கவாட்டில் ஏறி அறைக்குள் கொட்டியது. சேச்சியின் தலையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். திரையில் படகுக் குறி மெதுவாகக் கடல் பக்கம் நகர்வது தெரிந்தது.

“இன்னுங் கெழக்கயா?”

“இன்னுங் கெழக்க! நான் சொல்றவரைக்கும் கெழக்கயே போ!”

மேற்கே போய்க்கொண்டிருந்தோம்.

அதன் பிறகு நான் திசைப் பெயர் எதையும் வாயில் எடுக்கவில்லை. வலக்கைப் பக்கம், இடக்கைப் பக்கம், கொஞ்சம், இன்னும் கொஞ்சம், நேரா பிடி. ஜீப்பில் சொல்வது போலவே சொன்னேன். அவனும் ஜீப்பில் கேட்பது போலவே கேட்டான். வாய்க்குள் நுழையும்போது மழை விட்டிருந்தது. துறையில் ஆம்புலன்ஸ் நின்றது. சேச்சியைத் தூக்கும்போது அவர் என் சட்டையைப் பிடித்து, “எந்தினா கிழக்கு பறஞ்ஞது?” என்றார். எதற்குக் கிழக்கு என்று சொன்னாய் என்று. அந்த நிலையிலும் அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஈரச் சட்டையோடு உட்கார்ந்திருந்தபோது முத்து தன் உள்ளங்கையில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். நீண்ட நேரம் கழித்து நிமிர்ந்தான்.

“ஏன்டா, கெழக்க போனா நாம எப்படிரா கடலுக்குப் போனோம்?”

“யோசி.”

இன்னும் கொஞ்ச நேரம் கோடு போட்டான். கை அப்படியே நின்றது.

“மாப்ளே” என்றான். எழுந்து போய்த் தூண் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். நான் அவன் முதுகில் கைவைத்தேன்.

“நீ மேக்கன்னு கேட்டு மலைக்குத்தான் ஓட்டின. நானும் போடிக்காரன்டா, எனக்கல்லவா தெரிஞ்சிருக்கணும். சொன்னது நான்தான.”

“சேச்சி செத்திருந்தா?”

நான் போய் இரண்டு டீ வாங்கிவந்தேன். ஒன்றை அவன் கையில் வைத்தேன்.

சேச்சிக்குத் தலையில் ரத்தக் கசிவு இருந்தது. தேறிவிட்டார். பேச ஆரம்பித்ததும் நடந்ததைச் சொன்னோம். மேக்க விஷயம் வந்தபோது சிரிக்க ஆரம்பித்து, தையல் இழுத்து, தலையணையைப் பிடித்துக்கொண்டார். முத்து மட்டும் சிரிக்கவில்லை. “சேச்சி, நான் ஜீப்புக்கே போயிர்றேன்” என்றான்.

“போகலாம். ஆனா மாத்திச் சொன்னவன் ஒருத்தன், மாத்திக் கேட்டவன் ஒருத்தன். நீ போனா அவனும் போகணும், ரெண்டு பேரும் போனா எனக்கு ஆள் எவிட? அதுகொண்டு ரெண்டு பேரும் இருக்கணும்.”

பிறகு எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டாக்கினார். இப்போது நம் படகுகள் எல்லாவற்றிலும் அதுதான் நடைமுறை. டேப் பார்க்கிறவன் திசை சொன்னதும், சுக்கான் பிடிக்கிறவன் “சரி” என்று சொல்லக் கூடாது. கையை நீட்டி அந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டும். சொன்னவன் அந்தக் கையைப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் படகு திரும்ப வேண்டும். பார்க்க முடியாத இடத்தில் இருந்தால் வலக்கை, இடக்கை என்று கையைச் சொல், திசையைச் சொல்லாதே. நீங்கள் வந்ததும் இது உங்களுக்குச் சின்னப்பிள்ளை விளையாட்டு போலத் தெரியும். முத்துவைக் கேளுங்கள், அவன் சொல்வான். அன்று அவன் சொன்ன அந்த ஒரு “சரி”தான் எங்களை மணலுக்குக் கொண்டுபோனது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஊர், ஒரே பேச்சு, ஒரே ஜீப்பு. இவன் சொல்வது எனக்குத் தெரியாதா என்று இரண்டு பேரும் நினைத்தோம். ஒருவன் தமிழ் தெரியாதவனாக இருந்திருந்தால் கையைக் காட்டித்தான் பேசியிருப்போம்.

டேப்புக்கு நாம் எங்கே இருக்கிறோம் என்று தெரியும். பக்கத்தில் இருப்பவன் தான் எங்கே இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறான் என்பது அதற்குத் தெரியாது. அதைப் பார்க்கத்தான் உங்களைப் படகில் ஏற்றுகிறார்கள். ஆகவே டேப்பை எப்போது கையில் கொடுப்பீர்கள் என்று கேட்ட தம்பிக்கு என் பதில்: உன் கூட நிற்கிறவன் முகத்தைப் பார்க்கப் பழகிய அன்றைக்கு.

இன்னும் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

மழைக்காலம் கழிந்து சேச்சி ஒரு முறை போடிக்கு வந்தார். பஸ்சை விட்டு இறங்கியதும் நாங்கள் அவரை ஏலக்காய்க் கடைத் தெரு வழியாக நடத்திக் கூட்டிப்போனோம். வெளியூர்க்காரர் யார் வந்தாலும் அங்கே ஒரு நிமிடம் நின்று மூச்சை இழுப்பார்கள். அதைப் பார்ப்பதில் நமக்கு ஒரு பெருமை உண்டல்லவா. சேச்சி நிற்காமல் நடந்தார். “சேச்சி, வாசம் எப்படி?” என்று முத்து கேட்டான்.

“அந்த அடிக்கு அப்புறம் எனக்கு வாசம் இல்லா மோனே” என்றார், பஸ்சு கிடைத்ததா என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போல. “எதுக்கும் இல்லா. மீனுக்கும் இல்லா, அதொரு லாபம்.”

முத்து கடையில் ஒரு கை ஏலக்காயை வாங்கி, ஒன்றைப் பிரித்து அவர் கையில் கொடுத்தான். அவர் வாயில் போட்டு மென்றார். “எரிவு தெரியுது” என்றார்.

மறுநாள் குரங்கணிக்கு மேலே ஜீப்பு போகும்வரை போய், அங்கிருந்து நடந்து முகட்டுக்கு ஏறினோம். சேச்சி இரண்டு மூன்று இடங்களில் உட்கார்ந்து ஏறினார். உச்சியில் பனி விலகியிருந்தது. ஒரு பக்கம் கீழே போடி, வயல், கண்மாய். மறு பக்கம் ஏலத் தோட்டத்து மரங்கள் மலையாள நாட்டை நோக்கி இறங்கிக்கொண்டே போயின. அங்கிருந்து கடல் தெரியாது. தெரிவது போல ஒரு வெளுப்பு மட்டும் இருந்தது.

சேச்சி மூச்சு வாங்கியபடி ஒரு பாறையில் உட்கார்ந்தார். “முத்து. கையை நீட்டு. மேக்க எவிட?”

முத்துவின் கை பழக்கத்தில் மேலே போனது. மேலே மலை இல்லை, வானம்தான் இருந்தது. கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு அவன் திரும்பி, கையை மெதுவாக இறக்கி, கீழே அந்த வெளுப்பைக் காட்டினான்.

சேச்சி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

“சரி. கிழக்கு?”

அவன் முழுசாகத் திரும்பி, மறு பக்கம் கீழே தன் ஊரைக் காட்டினான். காட்டிய கையை அவனே கொஞ்ச நேரம் பார்த்தான்.

“இங்க நின்னா ரெண்டுமே கீழதான் சேச்சி இருக்கு” என்றான்.